ஹோபி பேக்கர்: கடைசியாக ஒருமுறை பறக்கப் போனவர்

கேள்வி இது: அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய விருதுக்கு ஹோபி பேக்கர் என்று பெயர். அந்த ஆள் காசு வாங்கி ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லையாம். அப்படியானால் ஏன் அவர் பெயர்? முதல் உலகப் போரில் அவர் இறந்தது சண்டையிலா, விபத்திலா, சிலர் சொல்வது போல் தற்கொலையா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சண்டையில் சாகவில்லை. போர் முடிந்து 40 நாள் கழித்து, ஊருக்குத் திரும்பும் உத்தரவு சட்டைப் பையில் இருக்கும்போது, விமானம் விழுந்து இறந்தார். தற்கொலை என்பதை நான் நம்பவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். காசு வாங்காமல் ஆடியதற்கும் விருதில் அவர் பெயர் இருப்பதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. அது புரிய வேண்டுமென்றால் அந்தக் காலத்து ஹாக்கி எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும்.

நான் மினசோட்டாவில் ஆறு குளிர்காலம் கழித்தவன். அங்கே ஐந்து வயதுப் பிள்ளையைக்கூட விடியற்காலையில் எழுப்பி, மூட்டை மூட்டையாகப் பாதுகாப்புச் சாமான் மாட்டி ரிங்க்குக்கு (பனித்தரை அரங்குக்கு) கூட்டிப் போவார்கள். அந்த ஹாக்கியை மனதில் வைத்துக்கொண்டு 1910-ஐப் பார்க்கக் கூடாது. அன்று தலைக்கவசம் கிடையாது. ஒரு அணிக்கு ஆறு பேர் அல்ல, ஏழு பேர். ஏழாவது ஆளுக்கு ரோவர் என்று பெயர். அவருக்கென்று நிலையான இடம் இல்லை. தாக்குதலிலும் இருப்பார், தடுப்பிலும் இருப்பார். இன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுகிறார்களே, அதுவும் இல்லை. இறங்கியவர்தான் பெரும்பாலும் கடைசிவரை ஆட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியமான விதி, பக்கை முன்னால் இருக்கும் கூட்டாளிக்குத் தள்ளக் கூடாது என்பது. (பக் என்பது பந்துக்குப் பதில் இருக்கும் தட்டையான ரப்பர் வில்லை.) பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். ஆக, பக்கை முன்னே கொண்டுபோக ஒரே வழி, மட்டை நுனியில் அதை வைத்துக்கொண்டு நீங்களே எதிரணியை ஊடுருவிப் போவதுதான். தனி ஆளின் ஓட்டத்துக்கென்றே செய்து வைத்தது போன்ற ஆட்டம். பேக்கர் ஒரு ரோவர்.

முழுப்பெயர் ஹோபார்ட் அமோரி ஹேர் பேக்கர். 1892 ஜனவரி 15-ஆம் தேதி, பிலடெல்பியாவை ஒட்டிய பாலா கின்வுட் என்ற ஊரில் பிறந்தார். டாக்டராக இருந்த ஒரு மாமாவின் பெயரை அப்படியே வைத்தார்கள். அப்பா மெத்தை, இருக்கைத் துணி செய்யும் தொழிலில் இருந்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கால்பந்து ஆடியவர். (இங்கே கால்பந்து என்று எழுதுவதெல்லாம் அமெரிக்கக் கால்பந்து.) பதினோரு வயதில் ஹோபியையும் ஒரு வயது மூத்த அண்ணன் தோர்ன்டனையும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் காங்கார்டு நகரில் உள்ள செயின்ட் பால்ஸ் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள்.

அமெரிக்காவில் ஐஸ் ஹாக்கி வேர் விட்ட முதல் இடங்களில் அந்தப் பள்ளியும் ஒன்று. குளிர் வந்தால் பள்ளிக் குளம் உறைந்துவிடும், அதன்மேல்தான் ஆட்டம். மால்கம் கார்டன் என்ற ஆசிரியர் பயிற்சி கொடுத்தார். பேக்கரைப் பற்றி எல்லாரும் சொல்லும் கதை ஒன்று இந்தக் குளத்தில்தான் நடக்கிறது. இரவில், மற்ற பையன்கள் தூங்கிய பிறகு, தனியாகப் போய் இருட்டில் சறுக்கிப் பழகுவாராம். பனித்தரை தெரியாது, பக் தெரியாது. மட்டையில் பக் உரசும் அதிர்வை வைத்தே அது எங்கே இருக்கிறது என்று கை கண்டுகொள்ள வேண்டும். பார்வை கீழே போகாமல், தலை நிமிர்ந்து, எதிரே வருகிற ஆளைப் பார்த்தபடி ஆடத் தெரிந்தவராக அவர் கல்லூரிக்கு வந்தார் என்பதைப் பின்னால் பார்த்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அன்றைய விதிகளில் அது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று யோசித்துப் பாருங்கள்.

1907-இல் அமெரிக்காவில் வங்கிகள் ஆட்டம் கண்டன. பேக்கர் வீட்டுப் பணமும் அதில் கரைந்தது. இரண்டு பையன்களையும் கல்லூரிக்கு அனுப்ப வழியில்லை. தோர்ன்டன், "தம்பி போகட்டும்" என்று தன் படிப்பை விட்டுக்கொடுத்தார். இந்த விஷயத்தைப் பலர் ஒரு வரியில் தாண்டிப் போவார்கள். எனக்கென்னவோ ஹோபியின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இதுதான் முதல் சாவி என்று படுகிறது. பணக்காரப் பையன் என்று உலகம் நினைத்துக்கொண்டிருந்த ஒருவர், உண்மையில் அண்ணன் விட்டுக்கொடுத்த இடத்தில் உட்கார்ந்து படித்தவர்.

1910-இல் பிரின்ஸ்டன் சேர்ந்தார். பல்கலைக்கழக அணியில் இரண்டு விளையாட்டுக்கு மேல் ஆடக் கூடாது என்று விதி. அதனால் பேஸ்பாலை விட்டுவிட்டு கால்பந்தும் ஹாக்கியும் எடுத்துக்கொண்டார். இரண்டுக்கும் தலைவரானார். கால்பந்தில் எதிரணி உயரமாக உதைத்து அனுப்பும் பந்தை எல்லாரும் நின்று பிடித்தபோது, இவர் பின்னாலிருந்து ஓடி வந்து, ஓட்டத்திலேயே பிடித்து அப்படியே முன்னேறுவார். தவறினால் ஊரே சிரிக்கும். தலையில் கவசம் இல்லாமல், பொன்னிற முடி பறக்க ஆடியதால் மைதானத்தின் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் ஆள் அடையாளம் தெரியும்.

ஹாக்கிக்கு பிரின்ஸ்டனில் சொந்த ரிங்க்கே இல்லை. நியூயார்க் நகரத்தில் 66-ஆம் தெருவில் இருந்த செயின்ட் நிக்கலஸ் ரிங்க்தான் வீடு மாதிரி. செயற்கைப் பனித்தரை அந்தக் காலத்தில் அபூர்வம், அது அங்கே இருந்தது. (பின்னாளில் அந்தக் கட்டடம் குத்துச்சண்டை அரங்கமாகி, 1962-இல் முகமது அலி, அப்போது கேஷியஸ் கிளே, அங்கே ஒரு சண்டை போட்டிருக்கிறார். அது தனிக் கதை.) வாசலில் "இன்றிரவு ஹோபி பேக்கர் ஆடுகிறார்" என்று பலகை வைப்பார்கள். அணியின் பெயர் இல்லாமல் தன் பெயர் மட்டும் இருப்பது அவருக்குக் கூச்சம். எடுத்துவிடச் சொல்லிக் கேட்டதாகச் சொல்வார்கள். பட்டுச் சட்டைக் கனவான்களும் நீள அங்கிப் பெண்களும் கார்களில் வந்து இறங்கினார்கள். பக்கை எடுத்துக்கொண்டு தன் கோலுக்குப் பின்னால் ஒரு சுற்றுச் சுற்றி, அங்கிருந்து வேகம் பிடித்து அவர் கிளம்பும்போது மொத்த அரங்கமும் எழுந்து நிற்கும். ஓட்டம் நடுவில் அடைபட்டால் திரும்பி வந்து மறுபடி சுற்றுவார். இந்தச் சுற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தோல்வியும் உண்டு. 1914 ஜனவரியில் பாஸ்டன் அரங்கில் ஹார்வர்டுக்கு எதிரான ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய், 2-1 என்று பிரின்ஸ்டன் தோற்றது. வெற்றிக் கோலை அடித்தவர் லெவரெட் சால்டன்ஸ்டால். பின்னாளில் மாசசூசெட்ஸ் மாநில ஆளுநர், அப்புறம் செனட்டர் ஆனவர். அரசியலில் அவ்வளவு தூரம் போன மனிதருக்கும் பேக்கரைத் தோற்கடித்த கோல் கடைசிவரை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவருடைய நடத்தையைப் பற்றி இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வரும். எதிரணி ஆட்கள் அவரையே குறிவைத்து இடிப்பார்கள், மட்டையால் அடிப்பார்கள். அவர் திருப்பி அடிக்க மாட்டார். கல்லூரிக் காலம் முழுக்க அவருக்கு ஒரே ஒரு முறைதான் தண்டனை கிடைத்தது என்பார்கள். எண்ணிக்கை ஒன்றோ இரண்டோ, அன்றைய முரட்டு ஆட்டத்தில் அது நம்ப முடியாத விஷயம். இரண்டாவது, ஆட்டம் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், எதிரணியின் உடைமாற்றும் அறைக்குப் போய் ஒவ்வொருவர் கையையும் குலுக்கிவிட்டு வருவார்.

1914-இல் பட்டம் வாங்கினார். சரி, இதற்கு மேல் என்ன? இங்கேதான் கதை மாறுகிறது.

அவருடைய வட்டாரத்தில் காசுக்கு ஆடுவது கௌரவக் குறைச்சல். ஆட்டம் ஆட்டத்துக்காக என்பது வெறும் பேச்சு இல்லை, ஒரு வர்க்கத்தின் வேலி. சொத்து இருப்பவன் அப்படிப் பேசலாம், பேக்கர் வீட்டில்தான் சொத்து போய்விட்டதே. இருந்தும் அவர் அந்த வேலிக்குள்ளேயே நின்றார். வால் ஸ்ட்ரீட்டில் ஜே. பி. மார்கன் வங்கியில் வேலை. ஒரு பணக்கார நண்பரின் மேடிசன் அவென்யூ வீட்டில் தங்கல். மாலையில் செயின்ட் நிக்கலஸ் கிளப்புக்காக, சம்பளமில்லாத ஹாக்கி. அந்த அணி மான்ட்ரியல் போய் அங்குள்ள ஓர் அணியை வென்ற பிறகு, கனடாவின் தொழில்முறை அணி ஒன்று மூன்று பருவத்துக்கு 20,000 டாலர் தருவதாக அழைத்தது என்றும், அவர் மறுத்தார் என்றும் சொல்வார்கள். வட அமெரிக்காவின் தலையாய தொழில்முறை ஹாக்கி லீக்கான இன்றைய என்.எச்.எல். 1917-இல்தான் பிறந்தது, அதற்கு முந்தைய காலத்தில் அது மலைக்க வைக்கும் தொகை.

வங்கி மேசை அவருக்கு ஒத்துவரவில்லை. மைதானத்தில் கிடைத்த அந்தப் பரபரப்பு இனி எவ்வளவு காலம் வாழ்ந்தாலும் வராது, என் வாழ்க்கை முடிந்துவிட்டது என்று ஒரு நண்பரிடம் சொன்னதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர் சொன்ன பேச்சு இது. பிரின்ஸ்டனில் அவருக்கு மூன்று வகுப்பு பின்னால் வந்த ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டு தன் முதல் நாவலின் நாயகனுக்கு அமோரி என்று பெயர் வைத்தார். பேக்கரின் நடுப்பெயர்தான் அது.

விமானம் வந்து அந்த வெற்றிடத்தை நிரப்பியது. 1916-இல் நியூயார்க் துறைமுகத்தில் உள்ள கவர்னர்ஸ் தீவில், அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்பே, குடிமக்களுக்கான விமானப் பயிற்சியில் சேர்ந்தார். அதே ஆண்டு நவம்பரில் யேலுக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தைப் பார்க்க, சக விமானிகளோடு பிரின்ஸ்டனுக்குப் பறந்தே வந்து இறங்கினார். கூட்டம் ஆட்டத்தை மறந்து வானத்தைப் பார்த்திருக்கும். 1917 மார்ச்சில் பிட்ஸ்பர்க்கில் கடைசி ஹாக்கி ஆட்டம். அவருடைய அணி கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஜெயித்தது, மூன்றும் அவர் அடித்தவை. ஏப்ரலில் அமெரிக்கா போரை அறிவித்தது. கோடையில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்.

போர் என்றால் உடனே சண்டை என்று நினைக்காதீர்கள். முதலில் பயிற்சி, அப்புறம் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை, அப்புறம் காத்திருப்பு. விமானம் இல்லை, உதிரிப் பாகம் இல்லை, உத்தரவு இல்லை. 1918 ஏப்ரலில்தான் 103-ஆவது ஏரோ ஸ்குவாட்ரனில் இடம் கிடைத்தது. பிரெஞ்சுப் படையில் தன்னார்வமாகப் பறந்த அமெரிக்கர்களின் லஃபாயெட் எஸ்கட்ரில், அமெரிக்கப் படையோடு சேர்ந்தபோது உருவான பிரிவு அது. மே மாதத்தில் முதல் எதிரி விமானத்தை வீழ்த்தியதில் பங்கு. மொத்தம் மூன்று வெற்றிகள் அவர் கணக்கில். ஐந்து இருந்தால்தான் "ஏஸ்" என்பார்கள், அந்த எண்ணிக்கை அவருக்கு வரவில்லை. பிரான்ஸ் குவா த கேர் பதக்கம் கொடுத்தது. கோடையின் கடைசியில், தன்னைப் போலவே பிரின்ஸ்டனில் படித்த சார்லஸ் பிடிலின் தலைமையில் 13-ஆவது ஸ்குவாட்ரனுக்குப் போனார். பிறகு 141-ஆவது ஸ்குவாட்ரனுக்கு அவரே தலைவர்.

தலைவரானதும் செய்த வேலைகளில் ஒன்று, விமானங்களுக்கு ஆரஞ்சும் கறுப்பும் அடித்தது. பிரின்ஸ்டன் நிறம். சின்னமாக ஒரு புலி, காலடியில் ஜெர்மன் தலைக்கவசம். புலியும் பிரின்ஸ்டன்தான். எனக்கு இதைப் படிக்கும்போது சிரிப்பும் வரும், சங்கடமும் வரும். லட்சக்கணக்கில் ஆட்கள் சேற்றில் செத்துக்கொண்டிருந்த இடத்துக்கு மேலே, கல்லூரி அணியின் சட்டை நிறத்தில் ஒரு விமானப்படை. போரை அவர் ஆட்டத்தின் கண்ணால்தான் பார்த்தார். குறை சொல்வதற்காக எழுதவில்லை. வேறு கண் அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் புதுப் படைப்பிரிவு தயாராகி முடிப்பதற்குள் போரே முடியப்போகிறது. 1918 நவம்பர் 11, போர் நிறுத்தம்.

நடுவில் ஒரு காதலும் வந்து போனது. மிமி ஸ்காட் என்ற நியூயார்க் செல்வந்தர் வீட்டுப் பெண். நிச்சயம் ஆனது, அந்த இலையுதிர் காலத்திலேயே முறிந்தது.

இப்போது டிசம்பர் 21. பிரான்சின் கிழக்கே, தூல் நகரத்தை ஒட்டிய விமானத்தளம். ஊருக்குத் திரும்பலாம் என்ற உத்தரவு கைக்கு வந்துவிட்டது. "கடைசியாக ஒருமுறை பறந்துவிட்டு வருகிறேன்" என்றார். கடைசி முறை என்று சொல்லிப் பறப்பது விமானிகளிடையே அபசகுனம். வேண்டாம் என்று ஆட்கள் தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. அதோடு தன் விமானத்தை விட்டுவிட்டு, என்ஜின் பழுது பார்த்து அப்போதுதான் வெளியே வந்திருந்த இன்னொரு ஸ்பாட் போர் விமானத்தை எடுத்தார். பழுது பார்த்த வண்டியை முதலில் ஓட்டிப் பார்க்க வேண்டியது தலைவன் பொறுப்பு என்பது அவர் எண்ணம்.

கிளம்பி சில நூறு அடி ஏறியதும் என்ஜின் நின்றுவிட்டது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தற்கொலைக் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ஏறும்போது என்ஜின் நின்றால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மூக்கைக் கீழே இறக்கி, வேகத்தைக் காப்பாற்றி, நேர் எதிரே எது இருக்கிறதோ அதில் இறங்குவது. வயலோ புதரோ, வண்டி நொறுங்கும், ஆள் பிழைப்பான். ஓடுபாதைக்குத் திரும்ப நினைத்தால் திருப்பத்திலேயே உயரமும் வேகமும் கரையும். ஒரு அளவுக்குக் கீழே வேகம் போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது. மூக்கு குத்திக்கொண்டு விழும். அந்த உயரத்தில் மீண்டு எழ இடம் இருக்காது. இன்றைக்கும் விமானப் பள்ளிகளில் அடித்துச் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது. இன்றைக்கும் அனுபவமுள்ள விமானிகளே அதை மீறிச் சாகிறார்கள். ஸ்பாட் 13 வேகத்துக்குப் பேர் போனது, ஆனால் என்ஜின் இல்லாமல் மிதக்கத் தெரியாத வண்டி. கல் மாதிரி இறங்கும். அதன் ஹிஸ்பானோ-சூயிசா என்ஜினும் அடிக்கடி மக்கர் செய்வதற்குப் பேர் போனது.

பேக்கர் திரும்பினார். தளத்துக்கு இன்னும் சில நூறு கஜம் இருக்கும்போது விமானம் மூக்கு குத்தி விழுந்தது. ஓடிவந்து எடுத்தார்கள். சில நிமிடத்தில், ஆம்புலன்ஸில் உயிர் போய்விட்டது. வயது 26. இன்னும் ஒரு மாதத்துக்குள் 27 ஆகியிருக்கும்.

தற்கொலை என்று பேசுபவர்களின் வாதம் எனக்குப் புரிகிறது. காதல் முறிந்துவிட்டது. போர் முடிந்துவிட்டது. திரும்பினால் மறுபடி வங்கி மேசை. "என் வாழ்க்கை முடிந்துவிட்டது" என்று முன்பே சொன்னவர் வேறு. அந்த மனச்சோர்வு உண்மைதான். ஆனால் சாக நினைப்பவன் தளத்துக்குத் திரும்ப மாட்டான். பேக்கர் தன்னையும் வண்டியையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்த்தார். முன்பு ஒருமுறை இப்படி இறக்கி சில விலா எலும்பு முறிவோடு தப்பியவர். நேரே இறங்கினால் பிழைக்கலாம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் திரும்பினார். வழி அடைபட்டால் தன் கோலுக்குப் பின்னால் சுற்றி வந்து மறுபடி ஆரம்பிக்கும் ஆளுக்குத் திரும்புவதுதான் கையில் ஊறியது என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம், அவ்வளவுதான்.

இதே சமயத்தில் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் ஃபிராங்க் மெகீ. கனடாக்காரர், ஆட்டாவா அணி, அரசாங்க அலுவலக வேலை. ஆட்டத்தில் அடிபட்டு ஒரு கண்ணில் பார்வை போனவர். அந்த ஒரு கண்ணோடு 1905 ஜனவரி 16-ஆம் தேதி டாசன் நகர அணிக்கு எதிராக கனடா ஹாக்கியின் தலையாய பரிசான ஸ்டான்லி கோப்பைக்கான ஆட்டத்தில் 14 கோல் அடித்தார். ஆட்டம் 23-2. பாவம் டாசன் ஆட்கள், கனடாவின் வடமேற்கு மூலையில் உள்ள யூகானிலிருந்து நாய்வண்டி, கப்பல், ரயில் என்று சுமார் 6,400 கிலோமீட்டர் பயணம் செய்து வந்து வாங்கிய அடி அது. அந்த மெகீ ஒற்றைக் கண்ணோடு படையில் சேர்ந்தார். 1916 செப்டம்பர் 16-ஆம் தேதி சோம் போர்முனையில் கூர்செலெட் அருகே கொல்லப்பட்டார். உடல் கிடைக்கவில்லை. பேக்கரை விட மெகீயின் கதை பெரியது என்று கனடாக்காரர்கள் வாதாடுவார்கள். ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் எனக்கும் மறுக்கத் தோன்றாது. தலைசிறந்த ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் 1945-இல் தன் முதல் தொகுதியை அறிவித்தபோது இருவர் பெயரும் அதில் இருந்தன. அந்தப் பட்டியலில் ஒரே அமெரிக்கர் பேக்கர். 1975-இல் கல்லூரிக் கால்பந்து ஹால் ஆஃப் ஃபேமும் அவரைச் சேர்த்துக்கொண்டது. இரண்டிலும் இருப்பவர் அவர் ஒருவர்தான்.

விருது 1981-இல் வந்தது. மினசோட்டாவில் புளூமிங்டனில் இருந்த ஒரு விளையாட்டு கிளப் ஆரம்பித்தது. முதல் ஆண்டு மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நீல் பிராட்டனுக்குக் கொடுத்தார்கள். திறமையோடு நடத்தையும் பார்க்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அதனால்தான் பேக்கர் பெயர். அந்த உடைமாற்றும் அறைக் கைகுலுக்கல்தான் காரணம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: 2014-இல் விருது வாங்கிய ஜானி கோட்ரோ, இரண்டே நாளில் கால்கரி அணிக்காக என்.எச்.எல்.லில் இறங்கி கோலும் அடித்தார். காசுக்கு ஆட மறுத்தவர் பெயரிலான விருது இன்று காசு ஆட்டத்துக்குள் போகும் வாசலாகிவிட்டது. இதில் தப்பு ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. பேக்கர் காலத்து அமெச்சூர் கொள்கை (காசு வாங்காமல் ஆடுவது), ஏழைப் பையன்களை வெளியே நிறுத்தி வைத்த கொள்கையும்கூட.

பிரான்சில் புதைத்த உடலை 1921-இல் அவர் அம்மா ஊருக்குக் கொண்டுவந்தார். இப்போது பாலா கின்வுட்டில் வெஸ்ட் லாரல் ஹில் கல்லறையில் இருக்கிறார். அவர் உயிரோடு இருந்தவரை சொந்த ரிங்க் இல்லாத பிரின்ஸ்டன், 1923 ஜனவரியில் ஒன்றைக் கட்டித் திறந்து அவர் பெயரை வைத்தது. அணி இன்றும் அங்கேதான் ஆடுகிறது. கட்டப் பணம் போட்டவர்களில் பிரின்ஸ்டன்காரர்கள் மட்டும் இல்லை. ஹார்வர்டு ஆட்களும் யேல் ஆட்களும் போட்டார்கள்.